ஆலை வாயிலும் கோயில் வாயிலும்

யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை கடலைக் கண்டு நிற்குமிடம் காங்கேசன்துறை. அதற்கு முந்திய நிலையம் மாவிட்டபுரம். இவ்விரு பெயர்களையும் ஓர் ஐதீகம் பிணைத்து வைத்திருக்கிறது. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்றும், அவள் எடுப்பித்த கோயிலுக்குரிய காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறையாயிற்று என்றும் ஊரார் சொல்வர். ஐதீகத்தை ஐதீகமாகவே விட்டுவிடுவோம். நாம் இங்கே பேச வந்தது இருபதாம் நூற்றாண்டில் இவ்விரு இடங்களிலும் நின்ற இரண்டு வாயில்களைப் பற்றி. ஒன்று, 1950ஆம் ஆண்டில் திறந்த அரசாங்கச் சீமெந்துத் தொழிற்சாலையின் வாயில். மற்றது, 1968ஆம் ஆண்டில் மக்களுள் ஒரு பகுதியினருக்கு அடைக்கப்பட்டு நின்ற கந்தசுவாமி கோயிலின் வாயில். இவற்றுக்கிடையே உள்ள தூரம் நடந்து செல்லும் தூரமே. ஆயினும் முதல் வாயிலால் நுழைந்த மனிதன் இரண்டாம் வாயிலை அடைவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. அவன் மனைவியோ முதல் வாயிலையே அடையவில்லை.

வேலைவாய்ப்பு, ஒதுக்கப்பட்டோரைச் சமூகத்தோடு சேர்த்தல், ஆண் பெண் சமத்துவம் என்னும் மூன்றின் பேராலும் இன்று அரசாங்கங்களும் உலக ஸ்தாபனங்களும் பெருந்தொகை செலவிடுகின்றன. திட்ட அறிக்கைகளில் இம்மூன்றும் ஒரே வரியில், ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு நிற்கும். வரலாற்றில் அவை அவ்வாறு நிற்பதில்லை. ஒன்று முன்னே போக மற்றது பின்தங்கும். சில வேளைகளில் ஒன்றின் காலை மற்றது வாரிவிடவும் கூடும். காங்கேசன்துறை இதற்கு நல்ல சாட்சி.

முதலில் ஒரு கேள்வி. பொதுப்பணம் என்கிறோமே, அது எவருடைய பணம்? சீமெந்து ஆலை எழுந்த காலத்தில் இலங்கை அரசாங்கத்தின் வருமானத்தில் ஏற்றுமதித் தீர்வைகளுக்குப் பெரும் பங்கிருந்தது. அத்தீர்வையின் பெரும் பகுதி தேயிலையிலிருந்து வந்தது. தேயிலைக் கொழுந்தைக் கொய்தவை பெரும்பாலும் மலையகத் தமிழ்ப் பெண்களின் விரல்கள். அப்பெண்களுக்குத் தோட்டங்களில் ஆண்களிலும் குறைந்த நாட்கூலியே கிடைத்து வந்தது. அவ்வேற்றத்தாழ்வு நீங்க 1980கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆலைக்குரிய திட்டங்கள் உருவாகிய 1948, 1949ஆம் ஆண்டுகளிலேயே அம்மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டங்களும் நிறைவேறின. கைத்தொழில் மந்திரியாக இருந்து காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் ஆகிய ஆலைகளுக்கு வித்திட்ட ஜீ. ஜீ. பொன்னம்பலம், 1948இல் அம்மந்திரிசபையில் சேர்ந்தவர். ஆலைகளின் பயனை மறுக்க நாம் வரவில்லை. தமிழ்ப் பிரதேசங்களுக்குக் கைத்தொழில் வரவேண்டுமென்று அவர் பாடுபட்டது மெய். ஆனால், பொதுப்பணம் என்னும் பேழையை நிரப்பியவர்கள் 'பொது' என்னும் சொல்லுக்குள்ளிருந்தே வெளியேற்றப்பட்ட ஆண்டுகளில்தான் அப்பேழை வடக்கே திறக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டு இக்கதையைச் சொல்வது நேர்மையாகாது.

இனி, பொதுப்பணம் யாழ்ப்பாணத்தில் சாதியோடு மோதிய முதற் களம் ஆலையன்று, பாடசாலை. மிஷனரிமாரும் சைவச் சபையாரும் நடத்திய பாடசாலைகள் பலவும் அரசாங்க நன்கொடையில் வாழ்ந்தவை. அவற்றிலே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். ஏனையோர் வாங்கில் இருந்தார்கள். சில இடங்களில் அவர்களைச் சேர்ப்பதேயில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி, நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் அளிக்க வேண்டுமென்று கல்வித் திணைக்களம் பணித்தது. சமாசனம், சமபோசனம் என்னும் இரு சொற்களும் அன்று யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளையும் மேடைகளையும் கலக்கின. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரை முன்னணியிற் கொண்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமத்துவத்தின் பக்கம் நின்றது. மறுபக்கத்தில் மனுக்கள் பறந்தன. பிள்ளைகள் பாடசாலைகளிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். பாடசாலைக் கொட்டகைகள் சில இரவோடிரவாக எரிக்கப்பட்டன.

ஒரு வாங்குக்காக ஓலைக் கொட்டகையை எரித்தவர்கள் மூடர்களல்லர். அவர்கள் பொருளாதாரம் அறிந்தவர்கள். வாங்கில் அருகிருந்து படித்தவன் நாளை வயலில் கைகட்டி நிற்கமாட்டான் என்பது அவர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. ஆனாலும் காலப்போக்கில் வாங்கு வென்றது. காரணம், நன்கொடைப் பணத்தோடு ஒரு நிபந்தனை கட்டப்பட்டிருந்தது. நிபந்தனையை நிறைவேற்றாத பாடசாலைக்குப் பணம் நின்றுவிடும் என்ற அச்சம், பல ஆண்டுகளாகச் செய்த உபதேசம் சாதியாததைச் சாதித்தது. எழுதப்பட்ட நிபந்தனையோடு அதைக் கேட்டு நிற்க ஓர் இயக்கமும் இருந்தது. 1943ஆம் ஆண்டில் அமைந்த அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை பின்னாளில் இக்கேள்வியை விடாமல் கேட்டு வந்தது. இவ்விரண்டும் சேர்ந்த இடத்திலும் சேராத இடத்திலும் என்ன நடந்தது என்பதுதான் மீதிக் கதை.

சீமெந்து ஆலை ஏன் காங்கேசன்துறைக்கு வந்தது? சுண்ணாம்புக்கல்லுக்காக. குடாநாடு முழுவதுமே ஒரு பெரிய சுண்ணாம்புப் பாறையின்மீது விரித்த மெல்லிய செம்மண் பாயென்று சொல்லலாம். வலிகாமம் வடக்கில் அப்பாய் இன்னும் மெல்லியது. களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. 1902ஆம் ஆண்டில் காங்கேசன்துறையிலிருந்து தொடங்கிய இருப்புப்பாதையும், கப்பல் வந்து நிற்கும் துறையும் ஏற்கெனவே இருந்தன. கல்லையும் களிமண்ணையும் அரைத்துச் சேர்த்துச் சுழலும் நெடுஞ்சூளையில் இட்டு, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் வேகவைத்தால் கிளிங்கர் என்னும் கருங்கட்டிகள் உருண்டு விழும். அவற்றை ஜிப்சத்தோடு சேர்த்து அரைத்தால் சீமெந்து. முதலில் அரசாங்கம் நேரே நடத்திய இவ்வாலை பின்னர் கூட்டுத்தாபனமாயிற்று. 1960களில் காலியில் அமைந்த அரைக்கும் ஆலைக்கும் இங்கிருந்தே கிளிங்கர் சென்றது. 1980களின் முற்பகுதியில் லங்கா சீமெந்து நிறுவனத்தின் ஆலையும் அருகில் எழுந்தது. நாட்டின் அணைகளிலும் பாலங்களிலும் காங்கேசன்துறைக் கல் கலந்திருக்கிறது என்றால் அது அலங்காரப் பேச்சன்று.

இந்த ஆலை யாழ்ப்பாணச் சமூகத்தில் என்ன செய்தது? அதை உணர, ஆலைக்கு முந்திய கூலி எப்படியிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குடாநாட்டில் நிலம் ஒரு சாதியாரின் கையிற் குவிந்திருந்தது. தோட்டத்தில் கொத்துபவனும், பனையில் ஏறுபவனும், துணி வெளுப்பவனும், முடி திருத்துபவனும் பெற்ற கூலி வெறும் கூலியன்று. அது ஓர் உறவின் அடையாளம். நெல்லாகவும், பழஞ்சோறாகவும், நல்லநாட் பெருநாட் கொடையாகவும் அது வந்தது. கொடுப்பவன் கை உயர்ந்தும் வாங்குபவன் கை தாழ்ந்தும் இருந்தாக வேண்டும். தோளிலிருந்த துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டுதான் வாங்க வேண்டும். குடியிருக்கும் நிலமும் கொடுப்பவனுடையதே. ஆகவே, இல்லையென்று சொல்லும் உரிமை வாங்குபவனுக்குக் கிடையாது.

ஆலையின் சம்பளச் சிட்டையில் சாதி எழுதப்படவில்லை. சங்கு ஊதினால் வேலை, மறுபடி ஊதினால் வீடு. மாதமுடிவில் எண்ணிக் கொடுத்த ரூபாத் தாளில் கொடுத்தவனின் பெயர் இல்லை. இலங்கை மத்திய வங்கியின் பெயரே இருந்தது. சேமலாப நிதியும் விடுமுறையும் கருணையாக அல்லாமல் விதியாக வந்தன. கற்சுரங்கத்தில் தூசு தலையிலிருந்து கால்வரை படிந்தபின் எவன் எந்தச் சாதியென்று கண்ணாற் கண்டுகொள்ளவும் முடியாது என்று பகடியாகச் சொல்லலாம்; பகடிக்குள் உண்மையும் உண்டு. ஆலையில் தொழிற்சங்கங்கள் எழுந்தன; இடதுசாரிகள் அவற்றிற் செல்வாக்குப் பெற்றனர். சிங்களத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே சங்கக் கூட்டத்தில் இருந்த காட்சியைக் குடாநாட்டில் வேறெங்கும் எளிதிற் காண முடியாது.

ஆயினும் நாம் இதை மிகைப்படுத்தலாகாது. ஆலை வாயிலில் சாதி கேட்கப்படவில்லை என்றால், அதற்கு முன்னரே வேறிடத்தில் கேட்கப்பட்டிருக்கலாம். எழுதுவினைஞர் பதவிக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்துக்குப் பாடசாலை வேண்டும். பாடசாலையின் வாங்கு யாருக்கு எப்போது கிடைத்தது என்பதை மேலே கண்டோம். ஆகவே மேசைக்குப் போனவர்கள் ஒரு வகுப்பினராகவும், சூளைக்கும் சுரங்கத்துக்கும் போனவர்கள் இன்னொரு வகுப்பினராகவும் பிரிவது, எவரும் அவ்வாறு சதிசெய்யாமலே நிகழக்கூடியது. அரசாங்கக் கூட்டுத்தாபனங்கள் பெருகப் பெருக, மந்திரியின் கடிதமும் பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசும் வேலைக்கு வழியாயின என்பது நாடறிந்த செய்தி. கடிதம் பெறுவதற்கு முதலாளியின் முற்றத்துக்குப் போகத் தேவையில்லை. அரசியல்வாதியின் முற்றத்துக்குப் போனாற் போதும். அதுவும் ஒரு முன்னேற்றந்தான் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

ஆலை கொடுத்த பணத்தைக் கொண்டு ஒடுக்கப்பட்ட ஒருவன் ஒரு சைக்கிள் வாங்கலாம், வெள்ளை வேட்டி வாங்கலாம், மகனைப் படிப்பிக்கலாம். ஒரு தேநீர்க் கடைக்குள் இருந்து ஒரு குவளைத் தேநீர் வாங்க முடியாது. அவனுக்கெனத் தனியே போத்தலோ சிரட்டையோ வெளியே இருந்தது. ஊர்ப் பொதுக்கிணற்றில் அவன் அள்ள முடியாது. பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்கவேண்டும். கோயிலின் வெளிவீதியோடு அவன் வழிபாடு முடிந்தது. சமூகம் பணத்தைக் கண்டு அஞ்சும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். பணம் சாதியை வாங்கவில்லை. சில வேளைகளில் சினத்தை வாங்கிற்று. சைக்கிளில் போனவன் இறக்கப்பட்டான். வெள்ளை வேட்டி கிழிக்கப்பட்டது.

1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், அவ்வாண்டின் 21ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. பாடசாலை, கடை, கிணறு, வாகனம், வழிபாட்டிடம் ஆகியவற்றில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமென அது விதித்தது. அதே 1957ஆம் ஆண்டில்தான் ஐரோப்பாவில் ஆறு நாடுகள் ரோமாபுரியில் ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற விதியையும், வேலையிழந்தோரை மீண்டும் தொழிலுக்குப் பயிற்றும் ஐரோப்பிய சமூக நிதியத்தையும் அவ்வுடன்படிக்கையே தோற்றுவித்தது. அங்கே விதியோடு நிதியும் பிறந்தது. இங்கே விதி மட்டும் தனியே பிறந்தது. அங்கும் பெண்களின் சமகூலி விதி பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது; 1966இல் பெல்ஜியத்து எர்ஸ்தாலில் ஆயுதத் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தஞ் செய்து அவ்விதியைக் கையிலெடுக்க வேண்டியிருந்தது. சட்டம் தானாக எழுந்து நடப்பதில்லை என்பதற்கு ஐரோப்பாவும் விலக்கன்று.

நமது 1957ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்பதாண்டு உறங்கியது. அதை எழுப்பியது 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம். பொலிஸ் தடியடிக்கு அது கலையவில்லை. மறு ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. சங்கானையிலும் நெல்லியடியிலும் பிற இடங்களிலும் தேநீர்க் கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திறப்பதற்கு உயிர்களும் கொடுக்கப்பட்டன. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கொடியேற்றத்திலிருந்து தேர்வரை பக்தர் கூட்டம் திரளும் நாட்களில், உள்ளே சென்று வழிபடுவோம் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலில் அமர்ந்தார்கள். எதிரே நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் முன்னாள் மந்திரியாகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். கணிதத்தில் எத்தனை நுண்மை இருந்தாலும் மனிதரைச் சமமாக எண்ண அது உதவுவதில்லை போலும்.

அவர்மீது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு கொழும்புவரை போய், கடைசியில் இலண்டனில் பிரிவிக் கவுன்சிலின் முன்னும் நின்றது. சட்ட அறிக்கைகளில் அது சுந்தரலிங்கம் எதிர் காங்கேசன்துறைப் பொலிஸ் பரிசோதகர் என்னும் பெயரால் வழங்குகிறது. குடாநாட்டின் வடகரையிலுள்ள ஒரு கோயில் வாயிலில் யார் நுழையலாம் என்பதை ஆங்கிலேயப் பிரபுக்கள் ஆராய நேர்ந்தது. 1971ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அக்காலத்தில் காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் சா. ஜே. வே. செல்வநாயகம். அவருடைய கட்சி தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானங்கள் நிறைவேற்றியதுண்டு. ஆயினும் மாவிட்டபுரத்து வாயிலில் அமர்ந்தவர்கள் அக்கட்சியின் கொடியின்கீழ் அமரவில்லை. செங்கொடியின் பக்கமே இருந்தார்கள். தமிழரின் ஒற்றுமை குலையும் என்று அஞ்சிய தலைவர்கள், அவ்வொற்றுமை ஏற்கெனவே எந்த வாயிலில் குலைந்து கிடந்தது என்பதைப் பாராதது நம் வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

ஆலை இப்போராட்டத்துக்கு என்ன கொடுத்தது? ஆலைச் சம்பளமும் ஆசிரியச் சம்பளமும் கூட்டுறவு ஊழியச் சம்பளமும் பெற்றவன் நிலவுடைமையாளனின் பழஞ்சோற்றை நம்பியிருக்கவில்லை. போராட்டத்துக்குப் போனால் மறுநாள் அடுப்பெரியுமா என்ற அச்சம் அவனுக்குச் சற்றுக் குறைந்தது. பொதுப்பணம் அவ்வளவுதான் செய்தது, அது சிறிதன்று. வாயிலைத் திறந்தது பணமன்று. வாயிலில் அமர்வதற்கு வேண்டிய முதுகெலும்பை அது கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தது. 1970களில் கள்ளுத் தவறணைகள் குத்தகைக்காரரிடமிருந்து சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு மாறியபோதும் இதுவே நடந்தது. பனையேறியவன் முதன்முறையாகத் தன் உழைப்பின் கணக்கைத் தானே பார்த்தான்.

இதுவரை நாம் 'அவன்' என்றே எழுதி வந்திருக்கிறோம். வாசகர் கவனித்திருப்பர். ஆலையின் கதையில் 'அவள்' வருவதற்கு இடமில்லாமற் போனது ஏன்?

பெண்கள் கடின வேலை செய்யமாட்டார்கள் என்று சொல்ல எவருக்கும் வாயில்லை. குடாநாட்டுத் தோட்டங்களில் களை பிடுங்கியதும், வெங்காயம் நட்டதும், புகையிலைக்கு நீர் மாறியதும், கரைவலைத் துறைகளில் மீனைத் தலையிற் சுமந்து சந்தைக்கு நடந்ததும், பனையோலையிற் பாயும் பெட்டியும் இழைத்ததும் பெண்களே. கடினம் அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் சுழல் சூளைக்கு ஓர் இயல்புண்டு. மூட்டிய சூளையை மாலையில் அணைத்துக் காலையில் மூட்ட முடியாது. அணைத்தால் உட்சுவரின் நெருப்புக்கல் வெடிக்கும், எரிபொருள் வீணாகும். ஆகையால் ஆலை இராப்பகலாக முறை வைத்து ஓடும். 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டமோ, கைத்தொழில் நிலையங்களில் பெண்களை இரவு வேலைக்கு அமர்த்தலாகாது என்று விதித்தது. நிலத்தடிச் சுரங்க வேலை அதற்கு முன்னரே, 1937ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. இச்சட்டங்கள் தீய நோக்கத்தோடு வந்தவையல்ல. ஐரோப்பிய ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பெண்களும் சிறுவரும் வதைபட்ட கொடுமையைக் கண்டு, தொழிலாளர் இயக்கமே கேட்டுப் பெற்ற காப்புக்கள் அவை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தன் முதல் மகாநாட்டிலேயே, 1919இல், இரவு வேலை பற்றிய ஒப்பந்தத்தை இயற்றியது. ஆனால் காங்கேசன்துறையில் அக்காப்பு மதிலாயிற்று. முறைவேலைக்கு வர முடியாத ஒருவரை ஆலை நிர்வாகம் ஏன் பயிற்ற வேண்டும்? பயிற்றப்படாதவர் எப்படி மேற்பார்வையாளராவார்? இரவைக் காரணங்காட்டிப் பகலும் பறிபோயிற்று.

இம்மதில் தளர்ந்தது 1984ஆம் ஆண்டில். பெண்ணின் சம்மதத்தோடும், மாதத்தில் பத்து இரவுகளுக்கு மேற்படாமலும், ஒன்றரை மடங்கு கூலியோடும் இரவு வேலை அனுமதிக்கப்பட்டது. காங்கேசன்துறைப் பெண்களின் குரல் கேட்டு அது தளரவில்லை. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடை ஆலைகளுக்கு மலிவான இளம்பெண்கள் இரவிலும் வேண்டியிருந்தார்கள், சட்டம் வளைந்தது. முதலுக்கு வேண்டியபோது திறக்கிற வாயில், சமத்துவம் கேட்டபோது அடைந்திருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்வோம். ஆண் பெண் சமகூலி பற்றிய 1951ஆம் ஆண்டுச் சர்வதேச ஒப்பந்தத்தை இலங்கை ஏற்றது 1993இல்தான். தொழிலில் பாரபட்சத்தை விலக்கும் 1958ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை ஏற்றது 1998இல். அப்போது காங்கேசன்துறையில் ஆலையும் ஓடவில்லை, ஊரும் இருக்கவில்லை.

1990 ஜூன் மாதத்தில் போர் மறுபடி மூண்டபோது சூளை அணைந்தது, புகையிரதம் நின்றது, வலிகாமம் வடக்கின் மக்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் கோணப்புலத்திலும் தகரக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடித்தது. 2009இல் போர் முடிந்த பின்னும் வலயம் உடனே திறக்கவில்லை. 2013 ஏப்ரலில் ஆறாயிரத்து முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது; உரிமையாளர் ஈராயிரம் பேருக்கு மேல் நீதிமன்றஞ் சென்றனர். பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன. மயிலிட்டித் துறை 2017இல் மீண்டது. இன்னும் விடப்படாதவையும் உள.

மீள்குடியேற்றத்தோடு பொதுப்பணமும் வந்தது. இம்முறை அது வீடாக வந்தது. இந்திய அரசாங்கம் ஐம்பதாயிரம் வீடுகளுக்கு நிதி அறிவித்தது. வடக்கிலும் கிழக்கிலும் குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டடம் எழ எழத் தவணை தவணையாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. பயனாளியைத் தெரியும்போது பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள், வலுவிழந்தோர், முதியோர் ஆகியோருக்கு முன்னுரிமை வைக்கப்பட்டது. நிபந்தனை எழுதப்பட்டிருந்ததால் ஆயிரக்கணக்கான பெண்கள் தம் வீட்டைத் தாமே மேற்பார்த்துக் கட்டினார்கள். மேசனோடு கூலி பேசி, மணலுக்கு அலைந்து, சீமெந்து மூட்டையை எண்ணி வாங்கினார்கள். அந்த மூட்டை காங்கேசன்துறையிலிருந்து வரவில்லை என்பது வேறு கதை.

ஆனால் வீட்டுக்கு நிதி கொடுக்கும் திட்டம் காணி கொடுக்கவில்லை. காணி உறுதி உள்ளவருக்கே வீடு. இங்கேதான் பழைய சாதி புதிய பத்திரத்தின் வடிவில் திரும்பி வந்தது. 1990இற்கு முன்னர் பிறர் நிலத்தில் குடியிருந்தவர்களுக்குத் திரும்பிச் செல்லத் தமது காணி எது? வலயம் திறந்தபோது உறுதி உள்ளவர்கள் திரும்பினார்கள். இல்லாதவர்கள் முகாமிலேயே இருந்தார்கள். கடைசிவரை முகாம்களில் எஞ்சியவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே பெரும்பாலோர் என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். எந்த அதிகாரியும் அவர்களிடம் சாதி கேட்கவில்லை. உறுதியைத்தான் கேட்டார். யாழ்ப்பாணத்தில் அவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தன.

பெண்ணுக்கு இன்னொரு முடிச்சு. தேசவழமை சீதனத்தைப் பெண்ணுடைமையாக ஏற்றதென்று நாம் பெருமை பேசுவோம். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச்சட்டமோ, மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. கணவன் காணாமற்போயிருந்தால்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அவன் இறந்தான் என்பதற்குச் சான்று வேண்டும். சான்று வாங்கினால் அவன் இறந்தான் என்று தன் கையாலேயே ஒப்பமிடுவதாகும். 2010ஆம் ஆண்டில் காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் வழங்கத் தற்காலிகச் சட்டமொன்று வந்தபோது, அதை வாங்க மறுத்த தாய்மாரும் மனைவியரும் பலர். 2016இல் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் ஏற்பட்டபின் சிலருக்கு வழி பிறந்தது. நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கிலொன்று பெண் தலைமையிலானது. போர் நடந்த மாவட்டங்களில் அக்குடும்பங்களின் சுமை எத்தகையதென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கென வந்த வாழ்வாதாரத் திட்டங்கள் கோழியும் ஆடும் தையல் இயந்திரமும் கொடுத்தன. ஒரு வீதியில் பத்துத் தையல் இயந்திரம் இருந்தால் அவ்வீதியில் யார் யாருக்குத் தைப்பது?

அயலிலே வேறொரு வழி முயலப்பட்டதை நினைவுகூரலாம். இந்தியாவின் 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராமக் குடும்பத்துக்கு ஆண்டில் நூறு நாள் வேலையை உரிமையாக்கி, மூன்றிலொரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டுமென்றும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியென்றும் எழுதியது. தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்தனர். குறைகள் பல உண்டு; கூலி தாமதித்தது, கணக்கிற் களவும் நடந்தது. ஆனால் அத்திட்டத்தில் வேலை கேட்டவள் காணி உறுதியையோ கணவனின் ஒப்பத்தையோ காட்ட வேண்டியிருக்கவில்லை. வேலை செய்ய வல்லவள் என்பதே அவளுடைய தகுதியாக இருந்தது. தையல் இயந்திரத்துக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவே: ஒன்று கொடை, மற்றது கேட்டுப் பெறும் பாத்தியதை.

காங்கேசன்துறைக்குப் பணம் மறுபடியும் வந்துகொண்டிருக்கிறது. புகையிரதம் 2015 ஜனவரியில் மீண்டும் கடலைக் கண்டது. துறைமுகத்தைப் புனரமைக்க 2018இல் இந்தியக் கடனாக நான்கரைக் கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இணங்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்து சேர்ந்தது. காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய மூன்றிடங்களிலும் கைத்தொழில் வலயம் அமைக்கும் திட்டமும் அண்மை ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டுள்ளது. வலயம் என்ற சொல்லைக் கேட்டால் இவ்வூரார் சற்றுத் திடுக்கிடுவர். முப்பதாண்டுகளாக அச்சொல்லுக்கு அவர்கள் வேறு பொருளை அறிந்தவர்கள்.

அவ்வலயத்தின் திட்டப் படங்கள் வரையப்படும் மேசையில் சில கேள்விகள் வைக்கப்பட வேண்டும். 1930இல் நன்கொடைப் பணத்தோடு கட்டியதுபோல, ஆலை முதலாளிக்குக் கொடுக்கும் வரிச்சலுகையோடு எந்த நிபந்தனை கட்டப்படுகிறது? கோணப்புலத்துக் கொட்டிலில் வளர்ந்த காணியற்றவரின் பிள்ளைக்குப் பயிற்சியில் இடமுண்டா? இரவு முறைக்கு வரும் பெண்ணை எந்த வண்டி வீட்டிற் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவளுடைய குழந்தையை எங்கே விட்டு வருவாள்? சுண்ணாம்புக்கல்லை மறுபடி அகழ்வதாயின், அக்கல்லின் வெடிப்புக்களில் தங்கும் மழைநீரன்றி வேறு குடிநீர் அறியாத குடாநாட்டுக் கிணறுகளுக்கு யார் பொறுப்பு? பழைய ஆலை தோண்டிய பள்ளங்களில் இன்று நீர் தேங்கி நிற்கிறது. அவற்றின் கரையோரக் காணிகளுக்கு உரியவர்கள் பிரதேச செயலகத்தின் வரிசையில், கையில் 1990இற்கு முந்திய உறுதிப் பிரதிகளோடு நிற்கிறார்கள். வரிசையில் பெண்களே அதிகம்.